ஆய்வுக்கு எதற்குத் ‘தாக்கம்’?

போன வாரம் ஒரு கருத்தரங்க அழைப்பிதழ் வந்தது. ‘வளங்குன்றா வளர்ச்சி ஆய்வுகளின் சமூகத் தாக்கம்’ என்று தலைப்பு. ஆய்வாளர்கள் கம்போடு ஊருக்குள் இறங்கிவிட்டார்களோ என்று இருந்தது.

‘தாக்கம்’ என்று இப்போது மொழிபெயர்ப்பது ஆங்கில ‘இம்பாக்ட்’டை. அது லத்தீன் வழி வந்த சொல். அடித்துச் செருகுவது, மோதுவது என்பது பழைய பொருள். பிரிட்டனில் பல்கலைக்கழக ஆய்வுகளை மதிப்பிடும்போது 2014-இல் இந்த ‘இம்பாக்ட்’டுக்கு மதிப்பெண்ணில் 20 விழுக்காடு ஒதுக்கினார்கள், 2021-இல் 25 ஆக்கினார்கள். கல்விக்கூடத்துக்கு வெளியே விளைந்த மாற்றம் அல்லது நன்மை என்பதே அங்கே பொருள்.

வேரிலேயே மோதல் இருக்கிறதே, ‘தாக்கம்’ சரிதானே என்பார்கள். ஆங்கிலத்தில் அந்த அடி மறந்துபோயிற்று, தமிழில் மறக்கவில்லை. குறளில் ஆட்டுக்கடா பின்வாங்குவது தாக்குவதற்குத்தான். இன்றும் புயல் தாக்குகிறது, மின்னல் தாக்குகிறது. வெயிலின் தாக்கம் என்றால் குடையைத் தேடுகிறோம். ‘சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு’ சரி, அனல்மின் நிலையம் வந்தால் என்னென்ன கெடும் என்று பார்ப்பது அது. நன்மைக்கும் அதே சொல்லா?

ஷெர்வுட் ரோலண்ட், மரியோ மொலினா என்ற வேதியியலாளர்கள், குளிர்பதனப் பெட்டிகளிலும் தெளிப்பான்களிலும் இருந்த குளோரோஃபுளோரோகார்பன் வாயு ஓசோன் படலத்தை அரிக்கும் என்று 1974-இல் எழுதினார்கள். கட்டுரையோடு நிற்காமல் பத்திரிகைகளிடமும் அமெரிக்க நாடாளுமன்றக் குழுக்களிடமும் போய்ப் பேசினார்கள். 1987-இல் அந்த வாயுவைக் கட்டுப்படுத்த மான்ட்ரியல் உடன்படிக்கை வந்தது. ஓசோனைத் தாக்கியது வாயு. அதைத் தடுத்தவர்கள் செய்ததும் தாக்கமா?

‘விளைவு’ மோசமில்லை, ஆனால் ‘விளைவுகளைச் சந்திக்க நேரிடும்’ என்று மிரட்டி மிரட்டியே அதைக் கெடுத்துவிட்டார்கள். என் ஓட்டு ‘பயன்’ என்பதற்கு. அது நல்லதை மட்டும்தானே குறிக்கும் என்றால், வினைப்பயன் என்கிறோமே, அதில் இரண்டும் உண்டு. ஆய்வாளரின் பேச்சு அரசிடம் எடுபடுவதைச் சொல்ல ‘செல்வாக்கு’ இருக்கிறது: செல்லுகிற வாக்கு. அதைக் கட்சிக்காரர்களுக்கே எழுதிக் கொடுத்துவிட்டோம்.

மொழிபெயர்ப்பாளர்களுக்கு ‘தாக்கத்தை ஏற்படுத்தியது’ என்றால் சோம்பலுக்கு வசதி. சட்டம் வந்ததா, விவசாயி உரத்தைக் குறைத்தாரா, இல்லை அமைச்சர் தலையாட்டினாரா? எதையும் சொல்லாமலே வாக்கியம் முடிந்துவிடும்.

‘ஆய்வுகளால் ஊருக்கு என்ன பயன்?’ என்று தலைப்பை மாற்றச் சொல்லி எழுதினேன். பேனர் அடித்தாயிற்றாம்.