தலைக்கு ஊற்றினால் வரும் வலிப்பு

அல்சூரிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்: "தம்பி பையனுக்கு ஒன்பது வயசு. ஞாயித்துக்கிழமை எண்ணெய் தேய்ச்சு வெந்நீர் ஊத்தும்போது மட்டும் கண் சொருகிக் கை வெட்டுது. மத்த நேரம் ஒண்ணுமில்லை. ஊர்ல காத்து கருப்புங்கிறாங்க. இப்படி ஒரு வலிப்பு உண்டா?"

உண்டு. பெயரே வெந்நீர் வலிப்புதான். 1945-இல் நியூசிலாந்திலிருந்து ஒரு மருத்துவர் இதைப் பதிவு செய்தார். ஆனால் இதைத் துரத்திப் பிடித்தது நீங்கள் குடியிருக்கும் பெங்களூருதான். நரம்பியல் மருத்துவர் கே.எஸ்.மணியும் அவருடன் பணியாற்றியவர்களும் 1968-இல் எழுதினார்கள். பிறகு பெங்களூரின் மனநல, நரம்பியல் நிறுவனமான நிம்ஹான்ஸில் பி.சதீஷ்சந்திரா இதைத் தன் வாழ்நாள் ஆய்வுகளில் ஒன்றாக்கிக்கொண்டார். 1988-இல் அவரது குழு 279 நோயாளிகளின் விவரத்தை வெளியிட்டது. பின்னாளில் அந்த நிறுவனத்துக்கே இயக்குநரானார்.

நரம்பணுக்கள் மின்சாரத்தால் பேசுகின்றன. கூட்டமாக ஒரே நேரத்தில் கத்தினால் வலிப்பு. இது பள்ளிப்பாடம். ஏன் வெந்நீர், அதிலும் ஏன் தலை? நம் ஊரில் சொம்பு சொம்பாக, நாற்பது ஐம்பது டிகிரி சூட்டில், மூச்சு விடாமல் தலைக்கு ஊற்றுகிறோம். சிலரின் மூளை இந்தத் திடீர்ச் சூட்டைச் சமாளிக்கத் திணறுகிறது என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். சிலருக்கு வலிப்பு தொடங்கும்போது ஓர் இனம்புரியாத சுகம். நினைவு தப்பும்வரை கை தானாக இன்னும் இன்னும் ஊற்றிக்கொண்டே இருக்குமாம். பேய் பிடித்ததாக ஊர் சொன்னதில் வியப்பில்லை.

எனக்குப் பிடித்தது எலிச் சோதனை. எலிகளின் தலையில் மீண்டும் மீண்டும் வெந்நீர் ஊற்றிப் பார்த்தார்கள். முதலில் உடல் நன்றாகச் சூடேறிய பிறகே வலிப்பு வந்தது. போகப்போகக் குறைந்த சூட்டிலேயே வந்தது, சீக்கிரமாக வந்தது, நீண்ட நேரம் நீடித்தது. ஈர விறகு முதல்முறை புகையத்தான் செய்யும். அடுப்பருகே கிடந்து காய்ந்துவிட்டால் ஒரு தீக்குச்சி போதும். ஒவ்வொரு வலிப்பும் அடுத்த வலிப்புக்கு விறகைக் காய வைக்கிறது! சில நோயாளிகளுக்கு நாளடைவில் வெந்நீரே இல்லாமலும் வலிப்பு வருவதைப் பார்க்கும்போது, "ஞாயித்துக்கிழமைதானே" என்று விட்டுவிட மனம் வராது.

பரம்பரையும் உண்டு. குளுட்டமேட் என்பது நரம்பணுக்களைத் தூண்டும் வேதிப்பொருள். வேலை முடிந்ததும் அதை வாரி அப்புறப்படுத்தும் புரதம் ஒன்றின் மரபணுவில் அரிய மாற்றங்களைச் சில நோயாளிகளிடம் பெங்களூரு ஜக்கூரில் உள்ள ஜவஹர்லால் நேரு அறிவியல் ஆய்வு மைய ஆய்வாளர்கள் 2017-இல் காட்டினார்கள். எலிக்கூண்டும் குடும்ப மரமும் வைத்து முப்பது நாற்பது வருடம் நடக்கும் இந்த வேலைக்கு நிதி கொடுப்பவர்கள் குறைவு. எண்ணெய்க் குளியல் தெரியாத வெளிநாட்டு மருந்து கம்பெனி இதற்காக மெனக்கெடுமா? நாம்தான் செலவழிக்க வேண்டும்.

வலிப்பு வந்தவர் கையில் சாவிக்கொத்தைத் திணிப்பதை இன்றும் பார்க்கிறேன். ஓரிரு நிமிடத்தில் பெரும்பாலும் அது தானே அடங்கும். பெயர் சாவிக்குப் போகிறது.

பையனை நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள். குளிக்கச் சுமார் இரண்டு மணி நேரத்துக்கு முன் மட்டும் குளோபசாம் என்ற வலிப்புத் தடுப்பு மாத்திரை போடச் சொல்லும் முறையும் உண்டு. அதை அவரே முடிவு செய்யட்டும். அதுவரை வெதுவெதுப்பான நீர், உடம்புக்கு மட்டும். தலையை ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள். கீசர் சூட்டைக் குறைத்து வையுங்கள். உள்ளே தாழ்ப்பாள் போட விடாதீர்கள்.