பன்னிரண்டு பேர், ஒரே அளவு நாற்காலி

மறுபடியும் ஒரு வழங்கும் விழா. மறுபடியும் ஒரு கூடைப்பந்து அணிக்குப் பன்னிரண்டு மடக்குச் சக்கர நாற்காலிகள். பளபளக்கும் குரோம், கறுப்பு ரெக்சின், முதுகுப் பக்கம் கொடையாளர் பெயர். எல்லாவற்றுக்கும் இருக்கை அகலம் 18 அங்குலம். வாங்கிக்கொண்டவர்களில் பாதிப் பேருக்கு இடுப்பின் அகலம் 14 அங்குலத்தைத் தாண்டாது. இதில் உட்கார்ந்து கூடைப்பந்து ஆட வேண்டுமாம்! நல்ல மனதோடு வசூலித்த பணம்தான். அதனால்தான் வயிறு எரிகிறது.

“வீல்சேர்னா வீல்சேர்தானே, சார்?” இல்லை. இதைச் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது, இருந்தாலும் இன்னொரு முறை சொல்கிறேன். மருத்துவமனை நாற்காலி, நோயாளியை வார்டிலிருந்து எக்ஸ்ரே அறைக்கு வேறொருவர் தள்ளிக்கொண்டு போவதற்காகச் செய்தது. யார் வந்தாலும் உட்கார வேண்டும் என்பதால் அகலம். ஆட்டோவில் ஏற்ற வேண்டும் என்பதால் மடக்கு. விளையாட்டு நாற்காலி ரவிக்கை மாதிரி. அளவெடுத்துத்தான் தைக்க வேண்டும், இன்னொருவருடையது பொருந்தாது.

மடக்குச் சட்டத்தின் குறுக்குக் கம்பிகள் ஒவ்வொரு தள்ளலிலும் கொஞ்சம் நெளியும். கை கொடுக்கிற விசையில் ஒரு பங்கு சக்கரத்துக்கே போய்ச் சேராது. பெரிய சக்கரத்தின் ஆக்சில் (அச்சு) முதுகுச் சாய்மானத்துக்கு நேர் கீழே இருப்பதால் பாரம் முன்சக்கரத்தில் விழுந்து, திருப்பம் கனக்கும். விளையாட்டு நாற்காலியில் மடக்கே கிடையாது. ஆக்சில் முன்னால் தள்ளியிருக்கும். பின்னால் கவிழாமலிருக்க ஒரு குட்டிச் சக்கரம் இருக்கும். பெரிய சக்கரங்கள் இரண்டும் மேலே உள்நோக்கிச் சாய்ந்து, கீழே 15 முதல் 20 டிகிரி வரை விரிந்து நிற்கும். மோதினால் சக்கரம் சக்கரத்தோடு மோதும், விரல் நசுங்காது.

இருக்கை அகலமாக இருந்தால் இடுப்பு உள்ளே வழுக்கும். உடம்பைத் திருப்பினால் நாற்காலி திரும்பாது. சக்கரத்தைப் பிடிக்கக் கையை வெளியே விரித்துத் தள்ள வேண்டிவரும். அப்படி ஒரு சீசன் தள்ளினால் தோள்பட்டைத் தசைநாண் தேயும். நடக்க முடியாதவருக்குத் தோள்தான் கால். அது போனால் ஆட்டம் மட்டும் போவதில்லை, கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறுவதும் போகும். வழுக்கல் தோலையும் உரசும். தண்டுவடம் அடிபட்டவர் பலருக்குப் புட்டத்தில் வலி தெரியாது. மாலையில் சிவப்பாக இருந்தது பத்து நாளில் குழிப்புண்ணாகி நிற்கும். பிறகு மாதக்கணக்கில் குப்புறப் படுக்க வேண்டியதுதான்.

ஆகவே உண்டியலைத் திறப்பதற்கு முன் டேப்பை எடுங்கள். எப்போதும் பயன்படுத்தும் குஷன்மேல், ஆட்ட உடையில் உட்கார வைத்து அளக்க வேண்டும். இடுப்பின் மிக அகலமான இடம்: விளையாட்டு நாற்காலிக்கு அதற்கு மேல் ஒரு சென்டிமீட்டர் கூடினாலே அதிகம். புட்டத்தின் பின்பக்கத்திலிருந்து முழங்கால் மடிப்பு வரை அளந்து, அதில் 5 சென்டிமீட்டர் கழித்தால் இருக்கை ஆழம். மடிப்பிலிருந்து குதிகால் வரை காலடித் தட்டுக்கு. முதுகுச் சாய்மான உயரத்தை மட்டும் நீங்களாக முடிவு செய்யாதீர்கள், பிசியோதெரபிஸ்டிடம் விடுங்கள்.

ஆளுக்கு ஆள் அளவு மாறக் காரணம் ஆட்ட விதியிலேயே இருக்கிறது. சக்கர நாற்காலிக் கூடைப்பந்தில் ஒவ்வொருவருக்கும் உடலியக்கத்தைப் பொறுத்து, குறைவாக இயங்குபவருக்கு 1.0 முதல் நன்றாக இயங்குபவருக்கு 4.5 வரை, ஒரு வகைப்புள்ளி. களத்தில் உள்ள ஐந்து பேரின் கூட்டல் 14-ஐத் தாண்டக்கூடாது. அதாவது அணியில் வயிற்றுத் தசையே இயங்காத ஒருவரும், ஒரு காலை இழந்து மற்றபடி திடமாக இருப்பவரும் சேர்ந்தே ஆடுவார்கள். முன்னவருக்கு இருக்கை பின்பக்கம் தாழ்ந்து, முழங்கால் உயர்ந்து இருந்தால்தான் உடம்பு நிற்கும். பின்னவருக்கு உயரமான இருக்கை வேண்டும். கூடையின் உயரம் அதே 3.05 மீட்டர்தான், அதில் சலுகை கிடையாது. பன்னிரண்டு பேருக்கும் ஒரே அளவில் ஆர்டர் கொடுத்தால் எப்படி?

அடுத்தது டயர். “24 அங்குலம்தானே, சைக்கிள் கடையில் கிடைக்கும்” என்று நம்பி ஏமாந்த அணிகள் உண்டு. வீல்சேர் 24 அங்குல ரிம் 540 மில்லிமீட்டர், சைக்கிள் கடையின் 24 அங்குலம் 507. ஏறவே ஏறாது. 25 அங்குலம் என்று விற்கும் வீல்சேர் ரிம் 559, அதற்கு மலையேற்ற சைக்கிளின் 26 அங்குல டயர் பொருந்தும். 622 ரிம் என்றால் 700சி டயர், சைக்கிள் கடையிலேயே வாங்கலாம். (விற்பனைப் பிரதிநிதிக்கே இது பல நேரம் தெரியாது. டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் மூன்றிலக்க எண்ணைப் பாருங்கள்.) ஆர்டர் போடும் முன் உள்ளூர்க் கடையில் அந்த எண்ணைக் காட்டிக் கேட்டுவிடுங்கள்.

இதையெல்லாம் சொல்லக் காரணம், வசூல் இலக்கில் நாற்காலி விலை மட்டும் இருந்தால் அணி ஆறு மாதத்தில் முடங்கும். நாற்காலிக்கு 100 ரூபாய் என்றால் இன்னும் 25 ரூபாயை அந்த ஆண்டின் ட்யூப், ஆரக்கால், பேரிங், பெல்ட்டுக்கு எனத் தனியாக வையுங்கள். அதுபோக, யாரும் நோட்டீசில் போடாத செலவுகள்: பயிற்சிக்கு வந்துபோகும் ஆட்டோ, நாளுக்கு நான்கு முதல் ஆறு முறை சிறுநீர் எடுக்கக் கதீட்டர், நல்ல குஷன், உதவியாளரின் டிக்கெட். மார்புக்கு மேல் தண்டுவடம் அடிபட்டவருக்கு உடம்பின் பெரும்பகுதி வியர்க்காது. மே மாதத்து சிமெண்ட் மைதானத்தில் அவருக்கு நிழலும் ஐஸும் தண்ணீர் தெளிப்பானும் மருந்துக்குச் சமம். கதீட்டருக்குப் பணம் கேட்க வெட்கப்பட்டு ஜெர்சிக்குக் கேட்காதீர்கள்.

பணம் எந்த வழியில் வருகிறது என்பதும் முக்கியம். கோச்சின் சொந்த ஜிபே எண்ணுக்கு வசூல் வேண்டவே வேண்டாம். சங்கத்தின் கணக்கு, ரசீது, மாதம் ஒரு வரவு செலவுத் தாள். பொருளாகக் கொடுத்தால் நன்கொடைக்கான வருமான வரிச்சலுகை (80ஜி என்று சொல்வது) கிடையாது. ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தாலும் கிடையாது. புதிய வரிமுறையைத் தேர்ந்தெடுத்தவருக்கு எப்படியும் இல்லை, பொய் ஆசை காட்டாதீர்கள். வெளிநாட்டுச் சொந்தக்காரர் இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருந்து தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியே அனுப்பினால் சரி. அவர் வேறு நாட்டுக் குடிமகனானால், ஓசிஐ அட்டை (இந்திய வம்சாவளி வெளிநாட்டவருக்குத் தருவது) இருந்தாலும், அது வெளிநாட்டு நன்கொடை. எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவு அல்லது முன் அனுமதி இல்லாத சங்கம் அதைத் தொடவே கூடாது.

கம்பெனிகளிடம் போகிறவர்கள் கம்பெனிச் சட்டத்தின் ஏழாம் அட்டவணையை, அதாவது கம்பெனிகள் தங்கள் சமூகப் பொறுப்பு (சிஎஸ்ஆர்) நிதியை எதற்குச் செலவிடலாம் என்ற பட்டியலை, ஒருமுறை படியுங்கள். பாராலிம்பிக் விளையாட்டுகளுக்கான பயிற்சி என்று நேராகவே எழுதியிருக்கிறது. ‘நாற்காலி தானம்’ என்று எழுதாமல் ஓராண்டுப் பயிற்சித் திட்டமாக எழுதி, நாற்காலியை அதற்குள் வையுங்கள். அந்த நிதியைப் பெறுவதற்கான சிஎஸ்ஆர்-1 பதிவு எண் சங்கத்துக்கு இல்லாவிட்டால் கோப்பு முதல் மேசையிலேயே நின்றுவிடும். தனி வீரர், விளையாட்டு வீரர்களுக்கு உதவும் மாநில அரசின் தமிழ்நாடு சாம்பியன்ஸ் அறக்கட்டளைக்கும் விண்ணப்பிக்கலாம். தினசரிப் பயன்பாட்டு நாற்காலிக்கு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் இருக்கிறது, அதற்கு நன்கொடையைக் கரைக்க வேண்டாம்.

போஸ்டர் பற்றி ஒரு வேண்டுகோள். அழும் முகம், தரையில் தவழும் படம், சோக இசை வேண்டாம். படத்தில் இருப்பவரிடம் அதைக் காட்டி, எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். அவர் ஆடுகிற படத்தைப் போடுங்கள், பணம் வரும்.

சரி, ஏற்கெனவே வந்து மூலையில் குவிந்திருக்கும் 18 அங்குல நாற்காலிகளை என்ன செய்வது? கொடுத்தவரிடம் சொல்லிவிட்டு, பக்கத்து அரசு மருத்துவமனையின் புறநோயாளிப் பிரிவில் கொடுத்துவிடுங்கள். அங்கே அதற்கு வரிசை நிற்கிறது. பெயர்ப்பலகையைக் கழற்ற வேண்டாம், அவருக்கும் சந்தோஷம்.