பில் பாக்கிக்காக வீட்டை வில்லங்கத்தில் ஏற்ற முடியாது

“வேலை முடிச்சும் பணம் தரலை சார். அவர் வீட்டு ஈசியில (வில்லங்கச் சான்று) பாக்கியை ஏத்திடலாமா?” கட்டட மேஸ்திரி, பெயிண்டிங் கான்ட்ராக்டர், இன்டீரியர்காரர் என்று எல்லாரும் இதையே கேட்கிறார்கள். முடியாது. பதிவான ஆவணமோ கோர்ட் உத்தரவோ இல்லாமல் உங்கள் பில்லை ஏற்ற சார்பதிவாளருக்கு அதிகாரம் கிடையாது.

கலிபோர்னியாவில் ‘மெக்கானிக்ஸ் லீன்’ உண்டு, அதாவது கூலி பாக்கிக்காக வீட்டின் மேலேயே கான்ட்ராக்டர் பதியும் உரிமை. பொதுவாக வேலை முடிந்த 90 நாளுக்குள் பதிய வேண்டும், பதிந்த 90 நாளுக்குள் வழக்குப் போட வேண்டும். அதைப் பற்றிய வீடியோவைப் பார்த்துவிட்டு வேளச்சேரி வீட்டுக்கு லீன் கேட்டால் எப்படி? நம் சட்டத்தில் வீட்டின் மேல் கான்ட்ராக்டருக்கு அப்படியோர் உரிமையே இல்லை. வீட்டைப் பூட்டிச் சாவியை வைத்துக்கொள்வது, பொருத்திய கதவை ராத்திரியில் கழற்றுவது எல்லாம் வேண்டவே வேண்டாம். பணம் கேட்கப் போனவர் போலீஸ் ஸ்டேஷனில் நிற்பார்.

பிடித்து வைக்கும் உரிமை உங்கள் கையில் ஒப்படைத்த அசையும் பொருளுக்குத்தான்: இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872, பிரிவு 170. ரிப்பேருக்கு வந்த வண்டி, தைக்க வந்த துணி, பட்டை தீட்ட வந்த வைரம். அதிலும் கூலிக்கு மூன்று மாதம் தவணை கொடுத்திருந்தால் பிடிக்க முடியாது. வண்டியைக் கொடுத்துவிட்டால் உரிமையும் அதோடு போயிற்று, தெருவில் மறிக்காதீர்கள். போன வருட பாக்கிக்கு இப்போது வந்த வண்டியைப் பிடிக்கக் கூடாது. விற்கவும் கூடாது. (ஃபீஸ் பாக்கிக்காகக் கேஸ் கட்டைப் பிடித்து வைக்க வக்கீல்களுக்கே உரிமையில்லை என்று உச்ச நீதிமன்றம் 2000-லேயே சொல்லிவிட்டது.)

வீட்டு வேலைக்குப் பண வழக்குதான் வழி. பணம் தர நாள் குறிக்காதபோது, வேலை முடிந்ததிலிருந்து 3 ஆண்டு கெடு. வக்கீல் நோட்டீஸ் விட்டால் கெடு நீளும் என்று நம்பிக்கொண்டு வருகிறவர்களுக்கு என்னத்தைச் சொல்ல? நீளாது. கெடு முடியும் முன் வீட்டுக்காரர் பாக்கியை ஒப்புக்கொண்டு எழுதிக் கையெழுத்திட்டால் கணக்கு புதிதாக ஓடும்.

அவர் வீட்டை விற்கப் பார்க்கிறாரா? உரிமையியல் விசாரணை முறைச் சட்டம் கட்டளை 38 விதி 5-ன்படி, தீர்ப்புக்கு முந்தைய ஜப்தி கேட்கலாம். ‘பாக்கி தரவில்லை’ என்று மட்டும் எழுதினால் மனு தள்ளுபடிதான். தீர்ப்புப் பணம் கிடைக்காமல் செய்யவே விற்கிறார் என்பதற்கு ஆதாரம் வேண்டும். விற்பனை விளம்பரம், தரகர் அனுப்பிய மெசேஜ் எதையும் அழிக்காதீர்கள். ஜப்தி உத்தரவு கிடைத்ததும் அது சார்பதிவகத்துக்குப் போய்ச் சேர்ந்ததா, ஈசியில் ஏறியதா என்று நீங்களே பாருங்கள்.

தயவுசெய்து, அடுத்த வேலைக்காவது சதுர அடி ரேட்டை எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். எக்ஸ்ட்ரா வேலைக்குத் தனிக் கையெழுத்து. லிண்டல் (கதவு, ஜன்னலுக்கு மேல் வரும் கான்கிரீட்) மட்டப் பணம் வராமல் கூரைக்குக் கம்பி கட்டாதீர்கள்.