ஷாக் அப்சார்பரை விடுங்க, வீல் நட்டைப் பாருங்க

“அண்ணே, முன்னாடி ஷாக் அப்சார்பர் போச்சு. ரெண்டையும் மாத்திடுங்க.”

இந்த மாதத்தில் இப்படி வந்த நாலாவது ஆள். இடது முன் சக்கரத்தில் ‘டொக் டொக்’. வீல் கப்பைக் கழற்றினேன். நாலு நட்டில் இரண்டு விரலாலேயே சுற்றின. ரிம்மின் ஓட்டைகள் தேய்ந்து நீண்டிருந்தன. முந்தின நாள் சேலத்தில் பஞ்சர் ஒட்டினாராம். ஜாக்கியில் நிற்கும்போது மாட்டிய நட்டை, இறக்கிய பிறகு யாரும் முறுக்கவில்லை. அப்படியே பெண்டாட்டி பிள்ளைகளோடு கோவை வரை வந்திருக்கிறார்!

சத்தம் என்றாலே ஷாக் என்று யார் சொல்லிக்கொடுத்தார்களோ. ஸ்பிரிங்கின் துள்ளலை அடக்குவதுதான் ஷாக்கின் வேலை. அது போனால் வேகத்தடை தாண்டிய பிறகும் வண்டி ஊஞ்சல் மாதிரி ஆடும். ஷாக் மேல் எண்ணெய் கசிந்து மண் அப்பியிருக்கும். இரண்டும் இல்லாமல் வெறும் சத்தத்துக்காக ஜோடி மாற்றிப் பல ஆயிரம் தொலைத்தவர்கள் என்னிடம் வந்திருக்கிறார்கள். கடைசியில் பார்த்தால் லிங்க் ராடு, வளைவில் வண்டி சாயாமல் தாங்கும் கம்பியைச் சக்கரப் பக்கத்தோடு இணைக்கிற சின்ன ராடு. சில நூறு ரூபாய் சாமான். (மாற்றச் சொன்னவருக்கும் இது தெரியாமல் இருக்காது. சரி, விடுங்கள்.)

சத்தம் எப்போது வருகிறது என்று கவனித்துச் சொன்னாலே பாதி வேலை முடிந்தது. மெதுவாகப் போகையில் சின்னக் குழிகளில் தட்டினால் லிங்க் ராடு, இல்லாவிட்டால் லோயர் ஆர்ம் புஷ் (சக்கரத்தைப் பிடித்திருக்கும் கீழ்க் கையில் இருக்கிற ரப்பர்). ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்துத் திரும்பும்போது ‘டக் டக்’ என்றால் ஆக்சில் ஜாயின்ட், சக்கரத்தைச் சுற்றவைக்கிற தண்டின் மூட்டு. அதை மூடியிருக்கும் ரப்பர் பூட் கிழிந்து சக்கரத்தின் உள்பக்கம் கிரீஸ் தெறித்திருக்கும். வேகம் கூடக்கூட ‘ஊம்’ என்று உறுமினால் பேரிங். நல்ல ரோட்டிலேயே சக்கரம் சுற்றுகிற கணக்கில் தட்டுகிறதா? ஓரம் கட்டுங்கள். முதலில் நட்.

டயர் கழற்றி மாட்டினால் 50 முதல் 100 கிலோமீட்டருக்குள் மறுபடி ஒரு தடவை முறுக்கிப் பார்க்க வேண்டும். எதிரெதிர் நட்டாக முறுக்குங்கள். ஸ்பேனர் மேல் ஏறிக் குதிக்காதீர்கள், போல்ட் இழுபட்டு ஒடியும். எவ்வளவு இறுக்கம் என்பது வண்டிப் புத்தகத்திலேயே இருக்கிறது. பல சின்னக் கார்களுக்கு 85 முதல் 110 நியூட்டன் மீட்டர் (முறுக்கு விசையின் அளவு). வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில் தலையை விடவே விடாதீர்கள்.

தூக்கி நிறுத்திய சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் தெரிந்தால் பேரிங்காகவோ, சக்கரத்தைக் கீழ்க் கையோடு இணைக்கிற குண்டு மூட்டான பால் ஜாயின்ட்டாகவோ இருக்கலாம். பால் ஜாயின்ட் கழன்றால் சக்கரம் மடங்கிவிடும். “பக்கம்தானே, மெதுவா ஓட்டிட்டு வந்துடுறேன்” என்று மட்டும் சொல்லாதீர்கள். போன் பண்ணுங்கள், வண்டி நிற்கிற இடத்துக்கு நான் வருகிறேன்.