பெட்ஷீட், ஹேர் ஜெல், ஸ்பூன்: சிறைக் கலையைப் பாடமாக வைப்பவர்களுக்குச் சில குறிப்புகள்

ஜெஸ்ஸி கிரைம்ஸ் அமெரிக்க மத்திய அரசின் சிறையில் இருந்தபோது செய்த ஒரு படைப்புக்கு 39 பெட்ஷீட்கள் ஆயின. செய்தித்தாளில் வந்த படங்களை, சிறைக் கேன்டீனில் வாங்கிய ஹேர் ஜெல்லை வைத்துத் துணியில் ஏற்றி, மேலே கலர் பென்சிலால் வரைந்தார். தேய்க்க ஒரு பிளாஸ்டிக் ஸ்பூன். முடிந்த விரிப்புகள் ஒவ்வொன்றாகத் தபாலில் வெளியே போய்விடும். விடுதலையான பிறகுதான் மொத்தத்தையும் சேர்த்து வைத்துப் பார்க்க முடிந்தது.

பாடத்தை இந்த ஸ்பூனிலிருந்து தொடங்குங்கள். கைதிகளின் எண்ணிக்கை, சட்ட வரலாறு, கோட்பாடு என்று ஆரம்பித்தால் படைப்பு வந்து சேர ஆறாம் வாரம் ஆகிவிடும். அதற்குள் மாணவர் மனதில் ‘ஐயோ பாவம்’ அல்லது ‘ஐயோ பயங்கரம்’ இரண்டில் ஒன்று உட்கார்ந்துவிடும். பிறகு எதைக் காட்டினாலும் அதன் வழியாகத்தான் பார்ப்பார்கள்.

முதல் வகுப்புக்கு ஆளுக்கு ஒரு முழ அளவில் பழைய பருத்தி விரிப்பு, அன்றைய செய்தித்தாள், ஒரு ஸ்பூன் ஜெல் போதும். ஜெல்லைத் துணியில் மெல்லியதாகப் பூசி, படத்தைக் கவிழ்த்து வைத்து, ஸ்பூனின் முதுகால் ஒரே பக்கமாக அழுத்தித் தேய்க்க வேண்டும். ஜெல் கூடினால் தாள் கூழாகிப் படம் இழுபடும்; குறைந்தால் மை இறங்காது. வழவழப்பான பத்திரிகைத் தாள் செய்தித்தாளைப் போல லேசில் மையை விடாது. முகம் இடவலம் மாறி விழும், எழுத்தும் கண்ணாடியில் தெரிவது போலத் திரும்பித் தெரியும். ஒரு உள்ளங்கையளவு படம் ஏற்றுவதற்குள் மணிக்கட்டு வலிக்கும். அந்த வலியோடு 39 விரிப்பைப் பற்றிப் பேசினால் பேச்சே வேறு.

ப்ரொஜெக்டரை நம்பாதீர்கள். ரே மேட்டர்சன் கனெக்டிகட் சிறையில் காலுறைகளைப் பிரித்தெடுத்த நூலால் பூவேலை செய்தவர். துணியை இழுத்துப் பிடிக்கும் சட்டம் பிளாஸ்டிக் டப்பா மூடிதான். அவருடைய படங்களின் அளவு சுமார் இரண்டே கால் அங்குலத்துக்கு இரண்டே முக்கால் அங்குலம். சதுர அங்குலத்துக்குச் சுமார் 1,200 தையல். ஆறடித் திரையில் போட்டால் அது ஏதோ சுவரோவியம் போல ஆகிவிடும். அதே அளவில் தாள் வெட்டி ஆளுக்கொன்று கொடுத்துவிட்டு, அதற்கப்புறம் ஸ்லைடைப் போடுங்கள்.

அடுத்த சிக்கல் கூகுள். அமெரிக்காவில் பல மாநிலச் சிறைத்துறைகளின் இணையதளத்தில் கைதியின் பெயரைத் தட்டினால் குற்றம், தண்டனைக் காலம் எல்லாம் வந்து விழும். எப்படியும் மாணவர் தேடுவார். தடை போட்டால் மறைவாகத் தேடுவார். எனவே நான்கு வாரம் தள்ளிப்போடச் சொல்லி, ஐந்தாம் வாரத்தில் வகுப்பிலேயே பேசுவது மேல். அப்போது இரண்டு பேரை அருகருகே வையுங்கள். ஒருவர் டீன் கிலிஸ்பி: செய்யாத குற்றத்துக்காக ஒஹாயோவில் 20 ஆண்டு உள்ளே இருந்தவர், குண்டூசி, ஐஸ் குச்சி, சிகரெட் பாக்கெட்டின் ஈயத்தாள் கொண்டு உணவகம் ஒன்றின் குட்டி மாதிரியைக் கட்டியவர். இன்னொருவர் மேட்டர்சன்: பொம்மைத் துப்பாக்கியைக் காட்டிக் கொள்ளையடித்தவர், தான் செய்ததை மறுக்காதவர். நிரபராதியின் கலையை ரசிப்பது சுலபம். குற்றவாளியின் தையலை எப்படி மதிப்பிடுவது என்பதில்தான் வகுப்பு சூடு பிடிக்கும். நிரபராதிகளை மட்டும் வைத்துப் பாடம் ஓட்டுவது ஏமாற்று வேலை என்றே சொல்வேன்.

மூலப் படைப்பு கையில் கிடைத்தால் கவனம் கூடுதலாக வேண்டும். அமெரிக்கத் தென்மேற்கில் மெக்சிக வம்சாவளிக் கைதிகள் கைக்குட்டையில் பால்பாயின்ட் பேனாவால் வரைந்து வீட்டுக்கு அனுப்பும் ‘பான்யோ’வைத் துவைக்கவோ இஸ்திரி போடவோ கூடாது. பால்பாயின்ட் மை வெளிச்சத்தில் வெளிறும். 50 லக்ஸுக்கு (வெளிச்சத்தை அளக்கும் அலகு) மேல் போகாதீர்கள். பின்பக்கத்தையும் மூடிவிட வேண்டாம். கியூபாவில் உள்ள அமெரிக்க ராணுவச் சிறையான குவான்டனாமோவின் கைதிகள் வரைந்த ஓவியத் தாள்களுக்குப் பின்னால் ‘அமெரிக்கப் படைகளால் அனுமதிக்கப்பட்டது’ என்று முத்திரை இருக்கும். சிலவற்றில் அந்த மை முன்பக்கத்தில் வரைந்த கடலுக்குள் கசிந்து தெரிகிறது. அந்தக் கசிவைப் பற்றி மட்டுமே ஒரு வகுப்பு எடுக்கலாம். அந்த ஓவியங்கள் நியூயார்க்கின் ஜான் ஜே கல்லூரியில் 2017இல் காட்சிக்கு வந்ததும், பென்டகன் அவை அரசுச் சொத்து என்று சொல்லி வெளியே அனுப்புவதை நிறுத்திவிட்டது. 2023இல்தான் ஓரளவு தளர்த்தியது. கண்காட்சி வைக்கும் முன் மாணவர்கள் இந்தக் கதையைத் தெரிந்துகொள்ளட்டும்: நம் சுவரில் மாட்டுவதன் விலையை உள்ளே இருப்பவர் கொடுக்க வேண்டி வரலாம்.

ஆகவே எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். முழுப்பெயரா, முதற்பெயரா, பெயரே வேண்டாமா, இணையத்தில் போடலாமா, விற்றால் பணம் யாருக்கு, அவருடைய சிறையின் விதி விற்பனையை அனுமதிக்கிறதா, படைப்பைத் திருப்பி எந்த முகவரிக்கு அனுப்புவது. படைப்பை வாங்கினாலும் பதிப்புரிமை வரைந்தவரிடமே இருக்கும். போஸ்டர் அச்சிடத் தனியாகக் கேட்க வேண்டும்.

உள்ளே போய்ப் பாடம் நடத்துவதானால் டெம்பிள் பல்கலைக்கழகத்தில் 1997இல் தொடங்கிய ‘இன்சைட்-அவுட்’ முறை நல்ல முன்மாதிரி: வெளி மாணவரும் உள் மாணவரும் ஒரே வகுப்பு, முதற்பெயர் மட்டும், பாடம் முடிந்தால் தொடர்பும் முடிந்தது. மிச்சிகன் பல்கலைக்கழகத் திட்டமோ 1996 முதல் மாநிலச் சிறைகளுக்குப் போய்ப் படைப்புகளைத் தேர்ந்தெடுத்து ஆண்டுதோறும் கண்காட்சி நடத்துகிறது. பின்னணிச் சரிபார்ப்புக்குப் பல வாரம் பிடிக்கலாம். கம்பிச் சுருள் நோட்டு, டர்பன்டைன் (பெயின்ட் கரைப்பான்) போன்றவை வாசலோடு சரி. கத்தரிக்கோலை எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்குவார்கள். கைதிகளின் உடை நிறத்தில் போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். கைதிகளைத் தலை எண்ணும் நேரம் வகுப்பைத் தின்னும், எனவே மூன்று மணி நேர வகுப்புக்கு இரண்டு மணி நேரப் பாடமே திட்டமிடுங்கள். சிறையை முழுதாகப் பூட்டிவிட்ட நாளுக்கென்று வெளியே நடத்த ஒரு பாடம் தயாராக இருக்கட்டும்.

பருவ முடிவில் மாணவர்கள் ஓவியருக்கு எழுதும் கடிதம் தனி விவகாரம். பென்சில்வேனியா 2018 முதல் கைதிகளுக்கு வரும் கடிதங்களை வெளி நிறுவனத்தில் ஸ்கேன் செய்து நகலைத்தான் தருகிறது. வேறு பல சிறைகளும் அதே வழியில் போயிருக்கின்றன. அழகாக வாட்டர் கலர் பூசிய அட்டை அங்கே மங்கிய நகலாகத்தான் போய்ச் சேரும். கறுப்பு மையில், பெரிய எழுத்தில், ஒரு பக்கம் மட்டும் எழுதச் சொல்லுங்கள். கைதி எண் உறையில் இருக்க வேண்டும். அனுப்பும் அன்றைக்கே சிறைத்துறைத் தளத்தில் அவர் எந்தச் சிறையில் இருக்கிறார் என்று பாருங்கள். சம்மதம் வாங்கியபோது இருந்த சிறையிலேயே இன்னும் இருப்பார் என்று நினைத்துவிட முடியாது.