கோப்பு மாறிய பிறகும் ஓடும் பழைய ஓட்டை

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்றதொரு தோட்டப் பட்டணத்தில், செம்பனை ஆலை அலுவலகத்தில் இயங்கும் லினக்ஸ் சர்வர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். குலை ஏற்றி வரும் ஒவ்வொரு லோரியின் எடையும் அதில்தான் பதிவாகிறது. பாதுகாப்புப் புதுப்பிப்பு பிழையின்றி நிறுவப்பட்டதும் ஓட்டை அடைபட்டுவிட்டது என்று பொறுப்பாளர் நம்புவது இயல்பே. ஆனால், அப்போது மாறியிருப்பது வட்டில் உள்ள கோப்பு மட்டும்தான்.

ஒரு சேவை தொடங்கும்போது தனக்கு வேண்டிய நிரல் நூலகங்களை, அதாவது பல நிரல்கள் பகிர்ந்துகொள்ளும் ஆயத்த நிரல் தொகுப்புகளை, தன் நினைவகத்தோடு இணைத்துக்கொள்கிறது. வலைச் சேவை, அஞ்சல், தரவுத்தளம் எனப் பலவும் குறியாக்கத்துக்கு நம்பியிருக்கும் ஓபன்எஸ்எஸ்எல் அத்தகைய ஒரு நூலகம். டெபியன், உபுண்டு ஆகிய லினக்ஸ் வகைகளின் நிறுவல் கருவி பழைய கோப்பின்மேல் எழுதுவதில்லை; புதியதைத் தற்காலிகப் பெயரில் எழுதி முடித்துவிட்டு, பழையதன் பெயரை அதற்குச் சூட்டுகிறது. பெயரிழந்த பழைய கோப்போ, ஏதேனும் ஒரு நிரல் அதைப் பயன்படுத்திக்கொண்டிருக்கும்வரை வட்டிலிருந்து அழிவதில்லை. ஓடும் நிரல் நடுவழியில் நிலைகுலையாமல் காப்பது இந்த அருமையான ஏற்பாடுதான். பழைய குறை நினைவகத்தில் நீடிப்பதும் இதனால்தான்.

இதன் விபரீதத்தை 2014 ஏப்ரலில் வெளிவந்த ஹார்ட்பிளீட் என்ற பாதுகாப்புக் குறை உணர்த்தியது. ஓபன்எஸ்எஸ்எல் 1.0.1 வரிசையில் இருந்த அக்குறையால், வெளியாள் ஒருவர் ஒவ்வொரு கோரிக்கைக்கும் 64 கிலோபைட் வரை சர்வரின் நினைவகத்தைப் படிக்க முடிந்தது. திருத்தப்பட்ட பதிப்பை நிறுவியும் சேவையை மறுதொடக்கம் செய்யாத சர்வர்களில் அந்தக் கசிவு தொடர்ந்தது. இரகசியச் சாவிகளையும் சான்றிதழ்களையும் மாற்றுவது மறுதொடக்கத்துக்குப் பிறகே பயன் தரும். முன்பே மாற்றினால் புதிய சாவியும் அதே வழியில் கசியக்கூடும்.

எந்தச் சேவை பழையதைப் பிடித்திருக்கிறது என்பதை ஊகிக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு நிரலின் நினைவக வரைபடத்தையும் லினக்ஸ் காட்டுகிறது. அதில் பழைய நூலகத்தின் பெயருக்குப் பக்கத்தில் ‘டெலிட்டட்’ என்ற குறிப்பு நிற்கும். இந்தத் தேடலை நீட்ரீஸ்டார்ட் என்ற கருவி தானே செய்து பட்டியல் தரும்.

இங்கே பலர் சறுக்குவது ‘ரீலோட்’ கட்டளையில். வலைச் சேவை நிரலான என்ஜின்எக்ஸை ரீலோட் செய்தால் அமைப்புக் கோப்பு மட்டும் புதிதாகப் படிக்கப்படும். தலைமைச் செயல்முறை பழையதாகவே தொடர்வதால், அதிலிருந்து பிறக்கும் புதிய செயல்முறைகளும் பழைய நூலகத்தையே பெறுகின்றன. ‘ரீஸ்டார்ட்’ கொடுத்தால்தான் திருத்தம் நடைமுறைக்கு வரும்.

தரவுத்தளத்தை மறுதொடக்கும்போது எடைப் பதிவு சற்று நேரம் நிற்கும் என்பதால், எடைமேடையில் லோரி இல்லாத வேளையைத் தேர்ந்து, கணக்காளரிடமும் முன்கூட்டியே சொல்லிவிடுவது முறை. இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலே புதுப்பிக்கப்பட்டிருந்தால், ஓடும் கெர்னலை ஒட்டுப்போடும் தனி வசதி இல்லாத இடங்களில், முழு சர்வரையும் மறுதொடக்குவதைத் தவிர வேறு வழியில்லை. அது மீண்டெழுந்தபின் யூநேம் கட்டளை காட்டும் பதிப்பு எண், நிறுவிய கெர்னலின் எண்ணோடு பொருந்துகிறதா என்று பார்த்துவிட்டு, முதல் லோரியின் எடை சரியாகப் பதிவாவதையும் உறுதிசெய்ய வேண்டும்.