14 பந்துகள், 1,001 சேர்வுகள், பத்து ஏசிசி வீரர்கள்

2019 மே 14 அன்று மாலை சிகாகோவில் ஓர் அறையைப் பூட்டினார்கள். உள்ளே போனவர்களின் கைபேசிகளை முன்பே வாங்கி வைத்துவிட்டார்கள். தொலைக்காட்சியில் முடிவு அறிவிக்கப்படும்வரை ஒருவரும் வெளியே வர முடியாது. அறையில் ஒரு குலுக்கல் இயந்திரம் இருந்தது. அதனுள் 1 முதல் 14 வரை எண்ணிட்ட பிங்பாங் பந்துகள் காற்றின் வேகத்தில் துள்ளிக்கொண்டிருந்தன. இயந்திரத்துக்கு முதுகைக் காட்டி நிற்கும் ஒருவர் நேரம் பார்த்துக் கையை உயர்த்துவார். 20 விநாடி கலக்கியபின் முதல் பந்து வெளியே வரும். பிறகு பத்துப் பத்து விநாடி இடைவெளியில் இன்னும் மூன்று பந்துகள். தணிக்கை நிறுவனத்தின் பிரதிநிதிகள் கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

அந்த நான்கு எண்களைப் பொறுத்துத்தான், டியூக் பல்கலைக்கழகத்தின் 18 வயது சயோன் வில்லியம்சன் எந்த நகரத்தில் தொழில்முறைக் கூடைப்பந்து ஆடுவார் என்பது முடிவாகும்.

ஐபிஎல் ஏலத்தைப் பார்த்துப் பழகிய நமக்கு இந்த ஏற்பாடு புதிராகத் தோன்றலாம். ஏலத்தில் அதிகப் பணம் கேட்ட அணிக்கு வீரர் கிடைப்பார். அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீகான என்பிஏவில், புதிய வீரர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் பணத்துக்கு வேலையே இல்லை. 30 அணிகள், இரண்டு சுற்றுகள். முறை வரும்போது ஓர் அணி ஒரு பெயரைச் சொல்லும், அந்த வீரர் அந்த அணிக்கு உரியவர். முதல் சுற்றில் தேர்வாகிறவரின் சம்பளமும் அவர் எத்தனையாவது ஆள் என்பதை வைத்துக் கிட்டத்தட்ட முன்கூட்டியே வரையறுக்கப்பட்டுவிடும். ஆகவே, யார் முதலில் பெயர் சொல்வது என்பதுதான் எல்லாமே. தோற்ற அணி மேலே வர வேண்டும் என்பதற்காக, கடைசி இடத்தில் இருப்பவருக்கு முன்னுரிமை தருவது வழக்கம். ஆனால் கடைசி இடத்துக்கு முதல் தேர்வு உறுதி என்றால், பருவத்தின் பாதியிலேயே நம்பிக்கை இழந்த அணிகள் தோற்பதற்காகவே ஆடத் தொடங்கும். 1985இல் குலுக்கல் புகுந்ததே இந்த அச்சத்தால்தான். அப்போது ஏழு அணிகள், ஏழு உறைகள், எல்லோருக்கும் ஒரே வாய்ப்பு. 1990 முதல் மோசமான அணிக்குக் கூடுதல் வாய்ப்பு தரப்பட்டது. 1993இல் 41 வெற்றி, 41 தோல்வி என்று நடுத்தரமாக ஆடிய ஆர்லாண்டோ அணி, 66இல் ஒரு வாய்ப்பை வைத்துக்கொண்டு முதலிடத்தைத் தட்டிச் சென்றது. அதற்கு முந்தைய ஆண்டும் அதே அணிக்குத்தான் முதலிடம். கடுப்பான லீக் அடுத்த ஆண்டே முறையை மாற்றியது. இன்று நாம் காணும் 14 பந்துகள் அப்போது வந்தவை.

இதில் உள்ள கணக்கு அழகானது. 14 பந்துகளில் நான்கை எடுக்கும் வழிகள் 14×13×12×11, அதாவது 24,024. எந்த வரிசையில் வந்தன என்பது முக்கியமில்லை என்பதால் இதை 24ஆல் வகுக்க வேண்டும். விடை 1,001. அவற்றில் ஒரு சேர்வை, அதாவது 11, 12, 13, 14 என்பதை, யாருக்கும் தராமல் ஒதுக்கிவிடுகிறார்கள். அது வந்தால் மறுபடி குலுக்க வேண்டியதுதான். மீதி இருப்பவை சரியாக 1,000. ஓர் அணிக்கு 140 சேர்வுகளைக் கொடுத்தால் அதன் நிகழ்தகவு 14 சதவீதம்; ஐந்தைக் கொடுத்தால் அரை சதவீதம். பின்னங்களோடு மல்லுக்கட்ட வேண்டாம். 14 என்ற எண்ணையும் நான்கு என்ற எண்ணையும் தேர்ந்தெடுத்தவருக்கு எண்களின் மீது நல்ல பிடி இருந்திருக்க வேண்டும்.

2018 வரை கடைசி அணிக்கு 250 சேர்வுகள் இருந்தன. 2019இல் அதை 140ஆகக் குறைத்து, கடைசி மூன்று அணிகளுக்கும் ஒரே அளவாக்கினார்கள். நான்காவதுக்கு 125, ஐந்தாவதுக்கு 105 என்று இறங்கி, குலுக்கலில் கலந்துகொள்ளும் 14ஆவது அணிக்கு ஐந்தில் வந்து முடியும். மூன்றாவது மோசமான அணியாக இருப்பதும் முதல் மோசமான அணியாக இருப்பதும் ஒன்றே என்றால், கூடுதலாகத் தோற்பதில் லாபம் குறைவு. வெறும் 17 ஆட்டங்களில் வென்று அடித்தட்டில் கிடந்த நியூயார்க் நிக்ஸ் அணிக்கு முதலிடம் கிடைக்கும் வாய்ப்பு 14 சதவீதம். ஐந்தாம் இடத்துக்குச் சரியும் வாய்ப்போ 47.9 சதவீதம். ரசிகர்களுக்கு இது கசப்பாக இருந்திருக்கும். எனக்கு இந்தத் தட்டையாக்கல் சரியென்றே படுகிறது. தோல்விக்குப் பரிசு தரும் எந்த முறையும் அந்தப் பரிசைக் கொஞ்சம் மங்கலாகத்தான் காட்ட வேண்டும்.

அன்று அறையில் வந்த சேர்வு நியூ ஆர்லியன்ஸ் அணியுடையது. அந்த அணியும் மெம்ஃபிஸும் டல்லஸும் தலா 33 வெற்றிகளோடு சமநிலையில் இருந்தன. ஏழு, எட்டு, ஒன்பதாம் இடங்களுக்கான 75, 60, 45 ஆகிய சேர்வுகளைக் கூட்டி மூன்றாகப் பங்கிட்டதில் ஆளுக்கு 60 கிடைத்தது. அதாவது ஆறு சதவீதம். முதலிடம் முடிவானதும் பந்துகள் மறுபடி உள்ளே போகும். வென்ற அணியின் 60 சேர்வுகள் இனி செல்லாது என்பதால் களத்தில் இருப்பவை 940. நிக்ஸின் வாய்ப்பு 940இல் 140, ஏறத்தாழ 14.9 சதவீதமாக உயரும். இப்படி நான்கு இடங்கள்வரை குலுக்கல் நடக்கும். மற்றவர்கள் தோல்வி வரிசைப்படி நிற்பார்கள். இரண்டாம் இடம் மெம்ஃபிஸுக்கு வந்தது, மூன்றாம் இடம் நிக்ஸுக்கு.

இந்த முறையில் ஒன்றரை சதவீதம், இரண்டு சதவீதம் என்பவை வெறும் அலங்காரம் அல்ல. 2025இல் டல்லஸும் சிகாகோவும் சமநிலையில் இருந்து 35 சேர்வுகளைப் பங்கிட்டபோது டல்லஸுக்கு 18, சிகாகோவுக்கு 17 கிடைத்தன. அந்த 18இல் ஒன்றுதான் வந்தது. டியூக்கின் கூப்பர் ஃப்ளேக் டல்லஸுக்குப் போனார்.

பந்துகளின் கதை இவ்வளவுதான். ஆயிரத்தில் ஒன்றுவரை துல்லியமாகத் தெரிந்த நிகழ்தகவு அது. வரிசை முடிவானபின், 19 வயதுப் பையன்களில் யார் என்பிஏவில் தேறுவார் என்று கணிக்கும் கட்டம் வருகிறது. அங்கே எந்த நிகழ்தகவும் சுவரில் எழுதி ஒட்டப்பட்டிருக்காது.

2019 ஜூன் 20 அன்று புரூக்ளினில் நடந்த டிராஃப்டின் முதல் சுற்றில் 30 பெயர்கள் வாசிக்கப்பட்டன. அவற்றில் பத்து, அட்லாண்டிக் கோஸ்ட் கான்ஃபரன்ஸ் என்ற ஒரே கூட்டமைப்பைச் சேர்ந்தவை. ஏசிசி என்று சுருக்கமாகச் சொல்லப்படும் இது 1953இல் தொடங்கியது. 2019இல் 15 பல்கலைக்கழகங்கள் இதில் இருந்தன. முதலாவதாக வில்லியம்சன், மூன்றாவதாக ஆர்.ஜே. பாரெட், பத்தாவதாகக் கேம் ரெட்டிஷ், மூவரும் டியூக். நான்காவது வர்ஜீனியாவின் டியாண்ட்ரே ஹன்ட்டர். வட கரோலினாவிலிருந்து கோபி வைட், கேம் ஜான்சன், நசீர் லிட்டில். முதல்நிலைக் கல்லூரிக் கூடைப்பந்தில் 350க்கும் மேற்பட்ட அணிகள் இருக்க, 15 கல்லூரிகள் மட்டும் மூன்றில் ஒரு பங்கை எடுத்துக்கொண்டது எப்படி?

முதலில் தோன்றும் விடை, அங்கே நன்றாகப் பயிற்சி தருகிறார்கள் என்பது. ஆனால் பயிற்சியின் விளைவையும் சேர்க்கையின் விளைவையும் பிரித்துப் பார்க்காமல் அப்படிச் சொல்லிவிட முடியாது. பாரெட், வில்லியம்சன், ரெட்டிஷ் மூவரும் பள்ளியை முடிக்கும்போதே நாட்டின் தலைசிறந்த வீரர்களாக மதிப்பிடப்பட்டவர்கள். பள்ளி முடித்து ஓராண்டாவது ஆகியிருக்க வேண்டும் என்று 2006 டிராஃப்ட் முதல் லீக் விதி வைத்திருப்பதால், அந்த ஓராண்டைக் கழிக்க டியூக்குக்கு வந்தார்கள். விதி இல்லாவிட்டால் நேராக என்பிஏவுக்கே போயிருக்கக்கூடும். இவர்கள் விஷயத்தில் டியூக் செய்த பெரிய வேலை, அவர்களைத் தேடிப் பிடித்துச் சேர்த்ததுதான். வர்ஜீனியாவின் கதை வேறு. ஹன்ட்டர் முதல் ஆண்டு ஆட்டம் எதிலும் இறங்காமல் பயிற்சியில் மட்டும் கழித்து, பிறகு இரண்டு பருவங்கள் ஆடினார். டை ஜெரோமும் கைல் கையும் மூன்று பருவங்கள். பள்ளி முடித்த நாளில் இவர்களை யாரும் முதல் பத்துப் பேரில் வைக்கவில்லை. அந்த ஆண்டின் தேசியப் பட்டத்தை வென்றது இந்த வர்ஜீனியாதான். டியூக் மிச்சிகன் ஸ்டேட்டிடம் 68-67 என்று ஒரே புள்ளியில் வெளியேறியது. ஒரே கான்ஃபரன்ஸின் பெயருக்குள் இரண்டு வேறு உற்பத்தி முறைகள் ஒளிந்திருக்கின்றன.

மூன்றாவது காரணம் ஒன்றும் உண்டு. அளவீடு பற்றிய அந்தக் காரணத்தைத்தான் நான் எல்லாவற்றையும்விட முக்கியமாகக் கருதுகிறேன். ஒரு வீரர் ஆட்டத்துக்கு 20 புள்ளி எடுக்கிறார் என்றால் யாருக்கு எதிராக என்று கேட்க வேண்டும். இதைத் திருத்த, ஒவ்வோர் ஆட்டத்தின் புள்ளி வித்தியாசத்தையும் இரு அணிகளின் வலிமை வித்தியாசம், சொந்த மைதானத்தின் சாதகம், தற்செயல் ஆகிய மூன்றின் கூட்டுத்தொகையாக எழுதுகிறார்கள். ஆயிரக்கணக்கான ஆட்டங்கள், ஆயிரக்கணக்கான சமன்பாடுகள். அனைத்தையும் சேர்த்துத் தீர்த்தால் ஒவ்வோர் அணியின் வலிமைக்கும் ஓர் எண் கிடைக்கும். அணிகளைப் புள்ளிகளாகவும் ஆட்டங்களைக் கோடுகளாகவும் வரைந்து பார்த்தால், ஏசிசி இருக்கும் பகுதியில் கோடுகள் நெருக்கமாகப் பின்னிக் கிடக்கும். 18 கான்ஃபரன்ஸ் ஆட்டங்கள், அதற்கு வெளியே மற்றப் பெரிய கான்ஃபரன்ஸ்களின் வலுவான அணிகளோடு மோதல்கள். சிறிய கான்ஃபரன்ஸ்களும் தங்களுக்குள் நெருக்கமாகவே ஆடுகின்றன. ஆனால் வெளியுலகத்தோடு அவற்றை இணைப்பவை சில கோடுகள் மட்டுமே. அந்தச் சில ஆட்டங்களில் தற்செயல் கொஞ்சம் விளையாடினாலும் மொத்தக் கான்ஃபரன்ஸின் மதிப்பீடும் ஆட்டம் காணும்.

அதே டிராஃப்டில் இரண்டாவதாகத் தேர்வான ஜா மொரான்ட் இப்படிப்பட்ட இடத்திலிருந்து வந்தவர். அவருடைய மரே ஸ்டேட், அப்போது ஒஹாயோ வேலி கான்ஃபரன்ஸில் இருந்தது. தேசியப் போட்டியில் மார்க்வெட் அணிக்கு எதிராக 17 புள்ளி, 11 ரீபவுண்ட் (கூடையில் விழாமல் திரும்பும் பந்தைப் பிடிப்பது), 16 அசிஸ்ட் (சக வீரர் புள்ளி எடுக்கப் பந்து கொடுப்பது) எடுத்துக் காட்டினார். அடுத்த ஆட்டத்தில் ஏசிசியின் ஃப்ளோரிடா ஸ்டேட் அவருடைய அணியை 90-62 என்று நொறுக்கியது. ஆனால் அந்தத் தோல்வியிலும் மொரான்ட் தனியாக 28 புள்ளிகள் எடுத்தார். மதிப்பிடுகிறவர்களுக்குப் பருவம் முழுக்கச் சிறிய அணிகளோடு ஆடிய ஆட்டங்களைவிட இந்த இரண்டு ஆட்டங்களில் தகவல் அதிகம். மெம்ஃபிஸ் அவரை எடுத்தது. முதல் பருவத்திலேயே ஆண்டின் சிறந்த புதுமுக வீரரானார். ஸ்டெஃபன் கரியும் டேமியன் லில்லார்டும்கூடப் பெரிய கான்ஃபரன்ஸ்களிலிருந்து வந்தவர்கள் அல்லர். ஏசிசி என்ற முத்திரை ஒரு வீரருக்குத் திறமையைக் கூட்டிவிடாது. அவரைப் பற்றிய நம் மதிப்பீட்டில் உள்ள பிழையின் வீச்சை அது குறைக்கிறது. பயந்து முடிவெடுக்கும் நிர்வாகிகளுக்கு அந்தக் குறைந்த பிழை பிடித்திருக்கிறது. பத்துப் பேரில் சிலராவது அதனால்தான் முதல் சுற்றுக்குள் வந்தார்கள் என்று நினைக்கிறேன்.

பிழை குறைகிறதே தவிர, மறைவதில்லை. அதற்கு அன்றிரவு அடுத்தடுத்து வந்த இரண்டு ஏசிசி பெயர்களைப் பார்த்தால் போதும்: பத்தாவது ரெட்டிஷ், 11ஆவது ஜான்சன்.

ரெட்டிஷுக்கு 19 வயது. உயரமும் கைநீளமும் ஆட்டத்தின் லாவகமும் பார்ப்பவர்களை மயக்கின. ஆனால் டியூக்கில் அவருடைய மூன்று புள்ளி எறிதல்களில் 33 சதவீதம்தான் கூடைக்குள் விழுந்தது. இந்த எண்ணை எவ்வளவு நம்பலாம்? அவர் எறிந்தது 250க்கும் சற்று அதிகம். இந்த அளவு மாதிரியில் திட்ட விலக்கம் ஏறக்குறைய மூன்று சதவீதப் புள்ளிகள். அதாவது உண்மையான திறன் 39 சதவீதமாக இருக்கும் ஒருவரும் ஒரு கெட்ட பருவத்தில் 33 காட்டுவது அரிதுதான், ஆனால் நடக்காத ஒன்றல்ல. ஃப்ரீ த்ரோவில் அவர் 77 சதவீதம் வைத்திருந்தார். என்பிஏவில் ஒருவர் தூரத்திலிருந்து எப்படி எறிவார் என்று கணிக்கக் கல்லூரி ஃப்ரீ த்ரோ விகிதம் உதவுகிறது என்பது இத்துறையில் நன்கு தெரிந்த விஷயம். யாரும் தடுக்காமல், ஒரே தூரத்தில், கை அசைவின் சீர்மையை மட்டும் அளக்கும் எறிதல் அது. எனவே அட்லாண்டா ரெட்டிஷை எடுத்தபோது, 33 என்பது தற்செயலின் விளைவு, எண் மேலே வரும் என்று நம்ப நியாயம் இருந்தது.

ஜான்சனின் விகிதமோ 45.7 சதவீதம். ஆனால் அவருக்கு 23 வயது. பிட்ஸ்பர்கில் பட்டம் முடித்து, வட கரோலினாவுக்கு மாறி, 18, 19 வயதுப் பையன்களுக்கு எதிராக ஆடியவர். வயது ஏன் இவ்வளவு பெரிய விஷயம் என்றால், இந்தப் பருவத்தில் ஒவ்வோர் ஆண்டும் உடலும் ஆட்டமும் கண்கூடாக வளரும். 19 வயதில் எடுத்த 15 புள்ளியும் 23 வயதில் எடுத்த 15 புள்ளியும் ஒன்றல்ல. அதோடு அவ்வளவு உயர்ந்த விகிதத்தில் அதிர்ஷ்டத்தின் பங்கும் இருக்கும். அடுத்த மாதிரியில் அது சராசரியை நோக்கி இறங்கியே தீரும். இந்தக் கணக்குகளின்படி 11ஆம் இடம் அவருக்கு மிக அதிகம் என்று அன்றிரவு பலர் சொன்னார்கள். அவரைப் பெறுவதற்காக ஃபீனிக்ஸ் தன் ஆறாவது தேர்வை மினசோட்டாவுக்குக் கொடுத்து, 11ஆவது தேர்வையும் டாரியோ ஷாரிச் என்ற வீரரையும் வாங்கியிருந்தது.

ஜான்சனின் எண் எதிர்பார்த்தபடியே இறங்கியது. என்பிஏவில் அது 39 சதவீதத்தை ஒட்டி நின்றது. எந்த அணியும் விரும்பும் விகிதம் அது. ரெட்டிஷின் எண் ஏறவில்லை. 32 சதவீதத்தை ஒட்டியே கிடந்தது.

ஃபீனிக்ஸ் இன்னொன்றையும் சரியாகக் கணக்கிட்டது. முதல் சுற்று வீரரின் ஆரம்ப ஒப்பந்தம், அணி விரும்பினால், நான்கு பருவங்கள் நீடிக்கும். சம்பளம், முன்பே சொன்னபடி, எத்தனையாவது தேர்வு என்பதை வைத்து வரையறுத்ததுதான். 19 வயதுக்காரரை எடுத்தால், அவர் கற்றுக்கொள்ளும் ஆண்டுகளை அந்த மலிவு விலையில் வாங்குகிறீர்கள். அவர் முழு ஆட்டக்காரர் ஆகும்போது ஒப்பந்தம் முடிந்துவிடும். 23 வயதுக்காரரை எடுத்தால் 27வரை, உடல் உச்சத்தில் இருக்கும் ஆண்டுகள், அதே விலையில் உங்களுடையவை. ஜான்சன் தன் இரண்டாவது பருவத்திலேயே, 2021இல், ஃபீனிக்ஸோடு என்பிஏ இறுதித் தொடரில் ஆடினார். 2023இல் கெவின் டுராண்டைப் பெறுவதற்கு ஃபீனிக்ஸ் கொடுத்தவர்களில் அவரும் ஒருவர். ரெட்டிஷை அட்லாண்டா மூன்றாவது பருவத்தின் நடுவிலேயே, 2022 ஜனவரியில், நியூயார்க்குக்கு மாற்றிவிட்டது. அப்போது அவருக்கு வயது 22. ஜான்சன் டிராஃப்டுக்கு வந்தபோது இருந்த வயதைக்கூட அவர் இன்னும் எட்டியிருக்கவில்லை.